பழைய கணினிக்கு விடை கொடுப்பதா? முதலில் மூடியைத் திறப்போம்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தன. அன்றிலிருந்து பெஸ்தாரி ஜெயா பக்கம் எனக்கு ஒரு புதிய வேலை வந்து சேர்ந்தது. நான் பல்கலைக்கழகத்தில் படிப்பது புள்ளியியல். அதற்கும் கணினி பழுது பார்ப்பதற்கும் தொடர்பில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதாக இல்லை. "நீ யுனிவர்சிட்டியில கம்ப்யூட்டர்தானே படிக்கிற?" என்றபடி பக்கத்து வீட்டு அக்கா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டு மாமா வருகிறார். விடுமுறைக்கு வீடு திரும்பும்போதெல்லாம் எங்கள் ஐந்தடியில் ஒரு கணினியாவது எனக்காகக் காத்திருக்கிறது.

எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டுமா, இல்லை ஏதாவது மாற்றினால் ஓடுமா?

இது எங்கள் வீட்டுக் கேள்வியாகவும் இருந்தது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தது 2,000 வெள்ளி. தம்பி இந்த ஆண்டு படிவம் ஐந்து. எஸ்.பி.எம். முடிந்த பிறகு மெட்ரிகுலேஷனோ எஸ்.டி.பி.எம்.மோ, எங்கே இடம் கிடைத்தாலும் பதிவுக் கட்டணம், போக்குவரத்து, துணிமணி என்று முதல் வாரத்திலேயே பணம் கரையும். என் அனுபவத்தில் சொல்கிறேன், கல்விக் கடன் கைக்கு வருவதற்கு முன்பே செலவு வந்துவிடும். அம்மாவின் 2,000 வெள்ளி அதற்காகத்தான்.

எங்கள் மேசைக் கணினியை அப்பா ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "விண்டோஸ் 11 இதில ஏறாது அண்ணே. இனி இது குப்பைதான். புதுசு எடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் முதல் வாக்கியம் உண்மை. அதிலிருந்து இரண்டாவது எப்படி வந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அந்தக் கணினி ஓர் அலுவலகம் கழித்துவிட்டது. 2019-இல் மாமா கோலாலம்பூரிலிருந்து காரில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். அடுத்த ஆண்டே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நானும் தம்பியும் மாறி மாறி அதன்முன் உட்கார்ந்துதான் பாடம் படித்தோம். உள்ளே இருப்பது இன்டெல் ஐ5-4570 புரோசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். "பழசாயிடுச்சு, அதான் மெதுவா போகுது" என்பது வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்ட காரணம்.

ஆனால் கணினி மனிதர்களைப் போல மூப்பு வந்து தளர்வதில்லை. மெதுவாக ஓடுகிறது என்றால் ஏதோ ஒரு பாகம் மற்றவற்றைக் காக்க வைக்கிறது. எந்தப் பாகம் என்று கண்டுபிடிக்க காசு செலவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எங்கள் கணினியில் புரோசசரின் பயன்பாடு 15 விழுக்காட்டைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் சிவந்து நின்றது. ரேமும் நிரம்பி வழிந்தது. அதாவது மூளை சும்மா உட்கார்ந்திருக்க, அலமாரியிலிருந்து கோப்பை எடுத்துத் தரும் ஆள்தான் திணறிக்கொண்டிருந்தார்.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு இருக்கிறது. கேட்ட தகவல் தட்டின் எந்த மூலையில் இருக்கிறதோ, அங்கே ஒரு சிறிய கை நகர்ந்து போய்ப் படிக்க வேண்டும். ஒரு முறை நகர்ந்து படிக்க ஏறத்தாழ 10 மில்லி வினாடி ஆகும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் விண்டோஸ் எழுந்து நிற்பதற்குள் பல்லாயிரம் சிறு கோப்புகளைக் கேட்கிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் மின்னணுச் சேமிப்பில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. அதே வேலை அங்கே 0.1 மில்லி வினாடியில், சில வேளைகளில் அதற்கும் குறைவாக முடிகிறது. புரோசசரை மாற்றி இந்த வித்தியாசத்தைக் கொண்டுவர முடியாது. பழைய கணினிக்கு ஒரே ஒரு பாகம்தான் வாங்க முடியும் என்றால் அது எஸ்.எஸ்.டி. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை 110 வெள்ளிக்கு வாங்கினோம். பழைய 4 ஜிபி ரேம் ஒன்று 30 வெள்ளிக்குக் கிடைத்தது. இங்கே ஒரு வேடிக்கை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியிலிருந்து புதிய ரேம் விலை ஏறிவிட்டது. குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கள் கணினிக்கு வேண்டியது டிடிஆர்3 என்ற பழைய வகை. அதைக் கழற்றி விற்பவர்களிடம் மலிவாகவே வாங்க முடிந்தது. பழசாக இருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

மூடியைத் திறந்தபோது உள்ளே செம்மண் தூசி ஒரு விரல் கனம் இருந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லாரி போகும் பாதைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் அப்படித்தான். மின்விசிறிக்குப் பின்னால் இரண்டு பல்லி முட்டைகள் வேறு. பெயின்ட் தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, பழைய டிஸ்க்கின் இரண்டு கம்பிகளையும் கழற்றி எஸ்.எஸ்.டி.யில் மாட்டினோம். தம்பிதான் மாட்டினான். நான் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு கட்டளையிட்டேன். விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவினோம். உரிமம் மதர்போர்டோடு இணைந்திருப்பதால் டிஸ்க்கும் ரேமும் மாறினாலும் அது போகாது. அந்த நிறுவல் கோப்பு சில ஜிபி கனம். கைப்பேசித் தரவில் இறக்கினால் மாதக் கணக்கு தீர்ந்துவிடும் என்பதால் வளாகத்தின் இணையத்தில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்திருந்தேன். மாற்றி முடித்தபின் சுவிட்சைப் போட்டதிலிருந்து முகப்புத் திரை வரை 20 வினாடி. அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு மாமாவிடம் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

வேகம் சரியாகிவிட்டது. ஆனால் வேகமும் பாதுகாப்பும் வேறு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவையில்லாமல் பணத்தைச் செலவழிக்கிறார்கள், அல்லது ஆபத்தை அறியாமல் இருக்கிறார்கள்.

ஆதரவு முடிந்தது என்றால் கணினி அன்று நள்ளிரவில் நின்றுவிடும் என்று பொருளல்ல. முன்போலவே ஓடும். ஆனால் இயங்குதளத்தில் புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க யாரும் வரமாட்டார்கள். அப்படி அடைக்கப்படாத ஓட்டை என்ன செய்யும் என்பதை 2017 மே மாதம் வானாகிரை என்ற தீநிரல் உலகத்துக்கே காட்டியது. கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்ட அந்த நிரல், பிரிட்டனில் மருத்துவமனைகளையே தடுமாற வைத்தது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள் அகப்பட்டன. ஆதரவு முடிந்து மூன்று ஆண்டு ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பி-க்கு, தாக்குதல் தொடங்கிய பிறகுதான் அவசரத் திருத்தம் வந்தது.

எங்கள் வீட்டில் பூட்டி வைக்கும்படி என்ன இருக்கிறது என்று அம்மா கேட்டார். தம்பியின் இடுபணிகள், பத்து ஆண்டுக் குடும்பப் படங்கள், அம்மா நுழையும் வங்கிக் கணக்கு என்று நான் விரல் மடக்கினேன். மூன்றாவது விரலிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

அப்படியென்றால் விண்டோஸ் 11-க்கு மாற வேண்டியதுதானே? அங்கேதான் தடை. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் போதும். ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும், செக்யூர் பூட் வசதி வேண்டும், புரோசசரும் மைக்ரோசாப்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது. தலைமுறையைக் கண்டுபிடிப்பது எளிது. ஐ5-4570 என்றால் கோட்டுக்குப் பின்வரும் 4தான் தலைமுறை. ஐ5-8500 எட்டாம் தலைமுறை. ஐ5-10400 பத்தாம் தலைமுறை. பழைய கணினி வாங்கப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "கோர் ஐ5, நல்ல மெஷின்" என்று மட்டும் விளம்பரம் சொன்னால், எந்த ஐ5 என்று கேளுங்கள். 2013-இல் வந்ததும் ஐ5தான், 2020-இல் வந்ததும் ஐ5தான்.

தடையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் நிறுவும் முறைகளும் உண்டு. என் வகுப்பு நண்பர் ஒருவர் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் தகுதி இல்லாத கணினிகளுக்கு மேம்பாடுகள் வரும் என்று உறுதி கூற முடியாது என மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது. பாதுகாப்புக்காக மாறுகிறவருக்குப் பாதுகாப்பு உறுதி இல்லாத வழி எதற்கு? சொந்தக் கணினியில் விளையாடிப் பார்ப்பது வேறு. அம்மாவின் வங்கிக் கணக்கு திறக்கும் கணினியில் நான் அதைச் செய்யமாட்டேன்.

பலருக்குத் தெரியாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. தனிநபர்களுக்கு விண்டோஸ் 10-இன் பாதுகாப்பு மேம்பாடுகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துத் தரும் திட்டம் அது. 30 அமெரிக்க டாலர் கட்டலாம். ஆனால் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை விண்டோஸ் பேக்கப் மூலம் அந்தக் கணக்கோடு இணைத்தால் இலவசம். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் பதிவு செய்யும் இணைப்பு தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபிதான். படங்களையும் சேர்த்து அனுப்பும்படி விட்டுவிட்டால் இடம் நிறைந்து, காசு கட்டச் சொல்லிக் கேட்கும். அமைப்புகளை மட்டும் அனுப்பினால் போதும்.

எங்கள் கணினியை அப்படிப் பதிவு செய்தோம். பத்து நிமிட வேலை. ஆக, 2,000 வெள்ளி கேட்ட பிரச்சினை 140 வெள்ளியில் இந்த ஆண்டு அக்டோபர் வரை தீர்ந்தது. தம்பியின் எஸ்.பி.எம். எழுத்துத் தேர்வு அதற்குப் பிறகுதான் வருகிறது என்பதால், அக்டோபருக்குப் பிறகு என்ன என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டியிருந்தது.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, அதையும் கணினிக்குள்ளேயே இணைத்துவிட்டேன். படங்களையும் கோப்புகளையும் முதலிலேயே வேறோர் இடத்தில் பிரதி எடுத்துக்கொண்டேன் என்று சொல்லத் தேவையில்லை. இப்போது கணினியைத் திறக்கும்போது எதில் நுழைவது என்று அது கேட்கும். தம்பிக்கு டெலிமா தளம், கூகள் கிளாஸ்ரூம், யூடியூப் பாடங்கள் எல்லாம் உலாவியில்தான். உலாவிக்கு எந்த இயங்குதளமாக இருந்தாலும் ஒன்றுதான். கேரளாவில் கைட் என்ற அரசு நிறுவனம் பல ஆண்டுகளாகப் பள்ளிக் கணினிகளில் லினக்ஸைத்தான் ஓட்டி வருகிறது. அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பழகிக்கொண்டதை எங்கள் தம்பியும் இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டான். புகார் இல்லாமல் இல்லை. பவர்பாயிண்டில் செய்த படைப்பை லிப்ரே ஆபிஸில் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிவிடுகின்றன. குழுப்பணி என்றால் விண்டோஸுக்குத் திரும்பிவிடுகிறான்.

தமிழ்தான் எனக்குக் கவலையாக இருந்தது. தம்பி எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுக்கிறான். அம்மா தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கடிதங்களைத் தட்டச்சு செய்பவர். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 10-லேயே உண்டு. லினக்ஸிலும் ஐபஸ் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம், இரண்டிலும் அதே விசைகள்தான். ஆனால் எங்கள் கணினியில் கோயில் திருவிழா அறிவிப்புகள், பழைய கடிதங்கள் என்று யுனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் பல இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குவிந்து கிடக்கும். எனவே டிஸ்க்கை அழிப்பதற்கு முன் பழைய எழுத்துருக் கோப்புகளைப் பிரதி எடுத்து வைத்தேன். தமிழ்க் கணிமையில் உலகத்துக்கே முன்னோடியாக விளங்கும் முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர். அந்த நாட்டில் ஒரு திருவிழா அறிவிப்பைப் பறிகொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படிக் கோப்புகள் இருந்தால், இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்குச் சரியானது எல்லா வீட்டுக்கும் சரியாக வராது. பக்கத்து வீட்டு அக்காவின் மடிக்கணினி எட்டாம் தலைமுறை. இருந்தும் விண்டோஸ் 11 ஏறாது என்றே அதற்கும் அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. பயாஸ் அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் டிபிஎம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்டெல் கணினிகளில் அதற்கு பிடிடி என்று பெயர் போட்டிருக்கும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதை இயக்கியதும் விண்டோஸ் 11 இலவசமாக ஏறியது. அவர் செலவழித்தது எனக்குக் கொடுத்த ஒரு டப்பா முறுக்கு.

புக்கிட் ரோத்தானில் இருக்கும் என் தோழிக்கு நானே புதிது வாங்கு என்று சொன்னேன். இயந்திரப் பொறியியல் படிக்கிறாள். அவளுக்கு வேண்டிய சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், 4 ஜிபி, 8 ஜிபி ரேமெல்லாம் அதற்குப் பசிக்குக்கூடக் காணாது. அவளுடைய பழைய மடிக்கணினியில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது, கூட்ட வழியில்லை. அவளுக்கு 140 வெள்ளி செலவழித்திருந்தாலும் வீண்தான். சம்பளம் வாங்கும் அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்தார். வருமான வரி கட்டுபவர்கள் பிள்ளைகளுக்கோ தங்களுக்கோ கணினி வாங்கினால், வாழ்க்கைமுறை விலக்கு என்ற பிரிவில் ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரை கோரலாம். ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

ஈஜோக்கிலிருந்து ஒருவர் கொண்டுவந்த 2 ஜிபி ரேம் கணினியைப் பார்த்ததும் நான் கையை விரித்துவிட்டேன். மதர்போர்டில் மின்தேக்கிகள் உப்பிப் போயிருந்தன. அதற்குமேல் ஒரு வெள்ளி போட்டாலும் நட்டம். ஆனால் அதைப் பழைய பேப்பர் லாரியில் ஏற்றிவிட வேண்டாம் என்றேன். மின்னணுக் கழிவு நம் நாட்டில் எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் அட்டவணையிடப்பட்ட கழிவாக 2005 முதல் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றவர்களிடம்தான் அது போக வேண்டும். உலகம் முழுவதும் 2022-இல் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு. விண்டோஸ் 10 முடிவதால் மட்டும் ஏறத்தாழ 24 கோடி கணினிகள் கழிவாகக்கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023-லேயே கணித்திருந்தது. "இனி இது குப்பைதான்" என்று கடையில் சொன்ன வாக்கியத்தை 24 கோடி முறை சொன்னால் எவ்வளவு பெரிய குவியல் என்று எண்ணிப் பாருங்கள்.

அக்டோபரில் நீட்டிப்பு முடிந்ததும் எங்கள் கணினியில் விண்டோஸை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, இணைய வேலைகளை முழுக்க லினக்ஸில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். வங்கி வேலையை அம்மா இப்போதே அங்கே மாற்றிக்கொண்டுவிட்டார். தம்பிக்கு மேற்படிப்பில் இடம் கிடைத்து, என்ன துறை என்று தெரிந்த பிறகு அவனுக்கு மடிக்கணினி வாங்குவோம். அவன் கணக்கியலுக்குப் போகிறானா பொறியியலுக்குப் போகிறானா என்று தெரியாமல் இன்றைக்கே வாங்குவதில் அர்த்தமில்லை. அப்பா மட்டும் இன்னும் அரை மனத்தோடுதான் இருக்கிறார். "புதுசுன்னா புதுசுதான்" என்பது அவர் கட்சி. அம்மாவின் பணத்தில் மீதி 1,860 வெள்ளி சேமிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் 45 வெள்ளியை மட்டும் போன வாரம் எடுத்து, மின்னல் பாதுகாப்புள்ள நீட்டிப்புக் கம்பி ஒன்று வாங்கினோம். மாலை மழைக்கு முன் இடி தொடங்கினால் அதையும் நம்பாமல் தம்பி பிளக்கைப் பிடுங்கிவிடுகிறான்.